துரைக்குப் பண்டுவம்

ஏலக்காய்க்கு நல்ல விலை கிடைத்த ஒரு வருஷத்தில், கூடாரப்பாறை எஸ்டேட் முதலாளி திரவியம் மலைக்கு அந்தப் பக்கம் இறங்கிக் கொச்சிக்குப் போய் ஒரு வண்டி வாங்கிவந்தார். கடல் கடந்து வந்த வண்டி அது. ஆறு குறுக்கிட்டால் ஆற்றில் இறங்கும், மணல் வந்தால் மணலில் ஓடும், பனி பெய்தால் பனியில் ஏறும், உலகத்தில் சாலை என்ற ஒன்றே இல்லாமல் போனாலும் இந்த வண்டிக்கு ஒரு குறையும் வராது என்று கடையில் கழுத்துப்பட்டை கட்டியிருந்த பிள்ளைகள் சொல்ல, திரவியம் அதை அப்படியே நம்பினார். நம்புவதற்குக் காரணம் இருந்தது. அவருடைய தோட்டத்துக்குப் போகிற வழியில் சாலை என்ற ஒன்று நிஜமாகவே இல்லை. பாறையும் சேறும் வேரும்தான் இருந்தன. அதில் ஊர்க்காரர்களின் பழைய ஜீப்புகள் கதவில்லாமல், சில சமயம் பிரேக்கும் இல்லாமல், தினமும் ஆட்களை ஏற்றிக்கொண்டு போய்வந்துகொண்டிருந்தன.

புது வண்டி முதல் மழைக்கே படுத்துவிட்டது. கண்ணாடிக்குப் பின்னால் ஏதேதோ விளக்குகள் மஞ்சளாகவும் சிவப்பாகவும் எரிய, வயிற்றைத் தரையில் வைத்துக்கொண்டு ஒரு வளைவில் உட்கார்ந்துகொண்டது. பழைய ஜீப்புகளுக்கெல்லாம் வைத்தியரான மெக்கானிக் காதர் மைதீன் பானட்டைத் திறந்து பார்த்தார். உள்ளே என்ஜினே தெரியவில்லை, ஒரு கறுப்பு மூடிதான் தெரிந்தது. "மொதலாளி, இது வண்டி இல்ல, கவர்மெண்ட் ஆபீஸ். யாரைப் பாக்கணும்னே தெரியல" என்று சொல்லிவிட்டு மூடினார்.

திரவியம் சர்வீஸ் சென்டருக்குப் போன் போட்டார்.

"காட்டுல ஓடுற வண்டின்னுதானே குடுத்தீங்க?"

"ஆமா சார். காட்டுல தாராளமா ஓட்டலாம். ஓட்டுனதும் நேரா சர்வீசுக்குக் கொண்டுவந்துரணும்."

லாரியின் முதுகில் ஏறிக் கொச்சிக்குப் போன வண்டி, பத்தியம் எழுதி வாங்கிக்கொண்டு திரும்பிவந்தது. இன்ன ஆயில்தான் குடிக்கும், இன்ன காற்றுதான் மூச்சு வாங்கும், அடிவயிற்றில் சேறு காயக்கூடாது, நின்ற இடத்தில் ஈரம் தங்கக்கூடாது, எலி அண்டக்கூடாது. காய் எடுப்புக்குப் போகிற ஒச்சம்மா வழியில் நின்று இதையெல்லாம் கேட்டுவிட்டு, "வெள்ளைக்காரத் துரை மாதிரில்ல இருக்கு" என்றாள். அன்றிலிருந்து அதன் பெயர் துரை.

அந்த ஒச்சம்மாவுக்கு முழங்கால் போயிருந்தது. ஏலச்செடியின் அடித்தட்டையில் காய்ப்பதைக் குந்தியிருந்தே எடுக்க வேண்டும், வருஷக்கணக்காகக் குந்தியிருந்தவளுக்கு எழுந்திரிப்பதென்றால் ஒருவர் கை கொடுக்க வேண்டும். ஒருநாள் சாயங்காலம் மழையில் அவள் தாங்கித் தாங்கி நடப்பதைப் பார்த்துத் திரவியம் வண்டியை நிறுத்தி, "ஏறு, லைன் வீட்டுல விட்டுர்றேன்" என்றார். அவள் சேலையைப் பிழிந்துவிட்டு, சீட்டில் ஈரம் படாமல் நுனியில் உட்கார்ந்துவந்தாள். வீட்டு வாசலில் இறங்கினாள், நான்கு எட்டு வைத்தாள், நின்றாள், குந்தி உட்கார்ந்தாள், எழுந்தாள். மறுபடி உட்கார்ந்தாள், எழுந்தாள். அவள் பின்னால் துரையின் முன்பக்க இடது சக்கரத்துக்கு மேலே ஏதோ புஸ்ஸென்று மூச்சு விட, வண்டி அந்தப் பக்கமாகச் சாய்ந்தது.

"என் முட்டியை அது வாங்கிக்கிருச்சு மொதலாளி" என்றாள் ஒச்சம்மா.

திரவியம் இறங்கிப் பார்த்தார். "இப்பத்தானே சர்வீஸ் பண்ணினது" என்றார்.

அதிலிருந்து இப்படித்தான் நடந்தது. காய் உலர்த்துகிற ஸ்டோரில் துகள் மூக்கிலேறி வருஷமெல்லாம் இருமிய ஸ்டோர்காரர் ஒருவர் போடிவரை துரையில் போய்வந்தார். இருமல் நின்றது, துரையின் காற்று வடிகட்டியைக் கழற்றினால் கரியும் ஏலக்காய்த் தூசியுமாக அடைத்திருந்தது. கண்ணில் பூ விழுந்த ஒரு கிழவி ஏறி இறங்கினாள். மலையில் பூத்திருந்த குறிஞ்சியின் நிறத்தை அவள் சொல்லிக்கொண்டே போக, துரையின் விளக்கொன்று பால் ஊற்றியதுபோல் வெளுத்துப்போனது. ஓட்டுகிற ஆளிடமிருந்து மட்டும் துரை எதையும் வாங்குவதில்லை. அதனால் திரவியத்தின் சர்க்கரை அவரிடமே இருந்தது.

ஊரில் யாரும் இதற்காக வாயைப் பிளக்கவில்லை. ஏன் என்று கேட்டவர்களும் குறைவு. பெரிய விலை கொடுத்து வாங்கிய பொருள், இதுகூடச் செய்யாவிட்டால் எப்படி என்பதுதான் பலருடைய எண்ணமாக இருந்தது. அவர்கள் பேசியதெல்லாம் பண்டுவத்தைப் பற்றித்தான். ஏனென்றால் ஒரு விஷயம் சீக்கிரமே தெரிந்துபோனது. பழுதான பாகத்தை மாற்றிவிட்டால் வலி அந்தப் பாகத்தோடு குப்பைக்குப் போய்விடும், மாற்றாமல் போட்டுவைத்தால் கொஞ்சநாளில் வந்த ஆளிடமே திரும்பிவிடும். பல்வலியைக் கொடுத்துவிட்டுப் போன ஒருவர், கியர்பெட்டி முனகுவதை அறுவடை முடிந்து பார்த்துக்கொள்ளலாம் என்று திரவியம் தள்ளிப்போட்டதால், கன்னத்தைப் பிடித்துக்கொண்டு மறுபடி வந்து நின்றார்.

ஆகவே கூடாரப்பாறை முழுக்கத் துரைக்கு ஊழியம் செய்யத் தொடங்கியது. காய் எடுத்துத் திரும்பும் பெண்கள் கைகால் கழுவுவதற்கு முன்னால் துரையின் அடிவயிற்றைக் கழுவினார்கள், கழுவிய ஈரத்தைப் பழைய சேலையால் ஒற்றி எடுத்தார்கள். ஒயரைக் கடிக்க எலி வராமலிருக்க ஷெட்டுக்கு இரண்டு பூனைகள் வந்தன. டயருக்குக் காற்று பார்க்க ஒருவர், ரேடியேட்டருக்குத் தண்ணீர் பார்க்க ஒருவர் என்று முறை வைத்துக்கொண்டார்கள். யார் முதலில் ஏறுவது என்பதைக் கோயில் முன்னால் கூடிப் பேசினார்கள். தலைவலிக்கும் சளிக்கும் ஏறக்கூடாது, அதற்கு சப்சென்டர் சிஸ்டர் மாத்திரை தருவார். குனிந்து நிமிர முடியாதவர்கள் முதலில். ஒரு பழுது சரியாகும் முன்னே அடுத்த ஆள் ஏறக்கூடாது. பாகங்கள் கப்பலில் வரவேண்டியிருந்ததால் காத்திருப்பு நீண்டது. நீண்டாலும் சண்டை வரவில்லை, ஒரு நாள் தன் முறையும் வரும் என்று எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

எல்லாவற்றையும்விடப் பெரிய வேலை ஒன்று நடந்தது. சாலையே இல்லாத இடத்தில் ஓடுவதற்காகச் செய்யப்பட்ட அந்த வண்டிக்காக, கூடாரப்பாறைக்காரர்கள் சாலை போட்டார்கள். மனுப்போட்டு மனுப்போட்டு வராத சாலை. பாறையை உடைத்தார்கள், பள்ளத்தில் சரளை கொட்டினார்கள், தண்ணீர் ஓட வாய்க்கால் வெட்டினார்கள், வளைவுகளில் கல் அடுக்கினார்கள். துரையின் இடுப்பு அதிரக்கூடாது என்பதற்காக ஒருவர் கொட்டிய சரளையை இன்னொருவர் கையால் தடவிப் பார்த்தார். பழைய ஜீப்புகளும் அந்தச் சாலையில் ஓடின, ஆனால் அவை அதை ஒரு பொருட்டாக மதித்ததாகத் தெரியவில்லை.

திரவியத்தின் மனைவி அமராவதி மட்டும் துரையில் ஏறியதே இல்லை.

அவருடைய இதயத்தில் ஒரு வால்வு பழுதாகியிருந்தது. மதுரை டாக்டர் அதைக் காலம் கடந்து கண்டுபிடித்தார். இனிமேல் கத்தி வைத்தால் தாங்காது, மாத்திரையில் ஓட்டலாம், மாடி ஏறக்கூடாது, கோபப்படக்கூடாது, உப்புக் கூடாது என்றார். அமராவதி உப்பை விட்டார். மாடியை விட்டார். கோபம் அவருக்கு முன்னாலிருந்தே வராது. எஸ்டேட் பங்களாவின் கீழ் அறையில் உட்கார்ந்து, ஸ்டோரில் தரம்பிரித்த காய்களை உள்ளங்கையில் வாங்கிப் பார்ப்பதும், வருகிறவர்களிடம் அவரவர் வீட்டுக் கதையைக் கேட்பதுமாக இருந்தார்.

"அமராவதி, ஒரு தடவை, போடிவரைக்கும். நான் மெதுவா ஓட்டுறேன்" என்று திரவியம் மாதத்துக்கொருமுறையாவது சொல்வார்.

"ஏங்க, முட்டிக்குச் சஸ்பென்ஷன் போச்சு, மூச்சுக்கு ஃபில்டர் போச்சு. நான் ஏறுனா எது போகும்னு உங்களுக்குத் தெரியாதா?"

"என்ஜின் போனாப் போகுது."

"புதுசு கெடைக்குமா?"

திரவியம் சாவியை எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொள்வார். அவர் ஏற்கெனவே கேட்டுப்பார்த்திருந்தார். அந்த மாடலைச் செய்வதையே கம்பெனி நிறுத்திவிட்டது, என்ஜினைப் பிரித்துப் பழுதுபார்க்கவும் வழியில்லை, அது பிரிப்பதற்காகச் செய்யப்பட்டதில்லை.

"அப்ப துரையும் நின்னுபோகும், எனக்கும் திரும்பி வந்துரும். அத்தனை பேரு காத்துக்கிட்டிருக்காங்க. பேசாம இருங்க" என்பார் அமராவதி.

இது ஊருக்கும் தெரியும். தெரிந்ததைப் பற்றி ஒருவரும் பேசவில்லை. ஏறுங்கள் என்று சொல்லவும் அவர்களுக்கு வாய் வரவில்லை, ஏறாதீர்கள் என்று நினைக்கவும் மனம் வரவில்லை.

காத்திருந்தவர்களில் அடுத்த முறை மாசாணத்துக்கு. அவர் சுமை தூக்குகிறவர். சாலை இல்லாத காலத்தில், பச்சைக்காய் மூட்டைகளைச் சரிவிலிருந்து ஸ்டோருக்கு முதுகில் ஏற்றிக் கொண்டுவந்தவர். சின்ன வயதிலேயே முதுகு வளைந்துவிட்டது, நடக்கும்போது தரையில் எதையோ தேடிக்கொண்டே போவதுபோல இருக்கும். இரவில் எந்தப் பக்கமாகவும் படுக்க முடியாது. அவர் மனைவி பவுன்தாய் தவிட்டைச் சட்டியில் வறுத்துத் துணியில் முடிந்து ஒத்தடம் கொடுப்பாள். போன ஆளுக்கான பாகம் கப்பலிலிருந்து இறங்கிவிட்டது, துரை தயார், மறுநாள் காலையில் மாசாணம் ஏறலாம் என்று சொல்லியாகிவிட்டது. பவுன்தாய் அவருக்கு வெளுத்த வேட்டி எடுத்துவைத்திருந்தாள்.

அன்று மத்தியானம், திரவியம் காயை ஏலம் விடுவதற்காகக் கீழே போயிருந்த நேரத்தில், அமராவதி ஸ்டோர் வாசலில் விழுந்தார். கையிலிருந்த காய்கள் சிதறின. உதடு நீலமாகிவிட்டது. சிஸ்டர் ஓடிவந்து நாடி பார்த்துவிட்டு, "கீழ போறவரைக்கும் தாங்காது" என்று மெதுவாகச் சொன்னார்.

கூடி நின்றவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். எல்லோருக்கும் ஒரே நினைப்பு, அதை யார் முதலில் சொல்வது என்பதுதான் தெரியவில்லை. கடைசியில் எல்லாருடைய கண்ணும் மாசாணத்திடம் போய் நின்றது. மறுநாள் அவருடைய நாள் அல்லவா.

மாசாணம் நிமிர முடிந்த அளவுக்கு நிமிர்ந்து, "தூக்குங்க" என்றார்.

அவரே தலைப்பக்கம் பிடித்தார். ஒச்சம்மா கால்பக்கம் பிடித்தாள். பின்சீட்டில் படுக்கவைத்தார்கள். காதர் மைதீன் சாவியைத் திருப்பினார். துரை எப்போதும்போல் சத்தமே இல்லாமல் கிளம்பிற்று. இரண்டாவது வளைவில் என்ஜின் ஒரு தடவை தப்பிற்று. மூன்றாவது வளைவில் தடதடவென்று அடித்துக்கொண்டது, பிறகு ஒன்றைவிட்டு ஒன்றாக, இழுத்து இழுத்து ஓடத்தொடங்கியது. மைதீன் வண்டியை ஓரம் கட்டினார், ஆனால் நிறுத்தப் பயந்து ஓடவிட்டார்.

பின்சீட்டில் அமராவதி கண்ணைத் திறந்தார். நிறம் திரும்பியிருந்தது. மேலே தோல் உறை போட்ட கூரையைப் பார்த்தார், பக்கத்தில் ஒச்சம்மாவைப் பார்த்தார்.

"யாரு என்னை இதுல ஏத்துனது?"

"நாங்கதான்."

"என்னைக் கேக்காமயா?"

"கேக்குற நெலமையிலயா இருந்தீங்க?" என்றாள் ஒச்சம்மா. "பேசாமப் படுங்க. மூச்சு நல்லா வருதா?"

அமராவதி மூச்சை இழுத்துப் பார்த்தார். நெஞ்சின் அடிவரைக்கும் போயிற்று. எத்தனையோ காலமாகப் போகாத இடம். அவருக்குக் கண்ணில் நீர் வந்தது. "மாசாணம் எங்க?" என்று கேட்டார். மாசாணம் வரவில்லை, ஸ்டோர் வாசலில் சிதறிய காய்களைப் பொறுக்கிக்கொண்டிருந்தார். எப்படியும் குனிந்திருக்கிறவன்தானே என்று சொன்னாராம்.

கொச்சியிலிருந்து ஒரு இன்ஜினியர் பெட்டியோடு வந்தார். ஷெட்டில் நின்ற துரைக்கு ஒயர் மாட்டி, திரையில் வளைந்து வளைந்து போகிற கோடுகளை வெகுநேரம் பார்த்தார். திரவியம் கையைக் கட்டிக்கொண்டு நின்றார், டாக்டரின் அறையில் நின்றதுபோலவே.

"மாத்த என்ஜின் இல்ல சார். பிரிச்சாச் சேர்க்க முடியாது. ஓட்டாதீங்க. ஆனா சும்மாவும் போட்டுறாதீங்க, தினம் காலைல கொஞ்ச நேரம் ஓடணும். ஆயில் கறுக்க விடாதீங்க. சூடாக விடாதீங்க. அப்படிப் பார்த்துக்கிட்டா ஓடும்."

"எத்தனை நாளைக்கு?"

"அதைப் பார்த்துக்கறவங்கதான் சொல்லணும்."

பழுது நீங்கவில்லை, ஆனால் பண்டுவம் நடந்துகொண்டிருக்கிறவரை அது அமராவதியிடம் திரும்பி வரவும் இல்லை. துரை அதற்குப் பிறகு ஷெட்டைவிட்டு நகரவில்லை. காலையில் மைதீன் சாவியைத் திருப்ப, அந்த இழுத்த தாளத்தில் என்ஜின் ஓடும். லைன் வீடுகளில் அடுப்பு மூட்டுகிறவர்கள் கையை நிறுத்திக் கேட்பார்கள், தாளம் சரியாக இருந்தால் மறுபடி ஊதுவார்கள். இதயம் ஓடுவதைத் தானே கேட்டுக்கொண்டு அமராவதி ஷெட்டின் வாசலில் நிற்பார். சீக்கிரமே அவர் மற்றவர்களிடமிருந்து வேலையைப் பிடுங்கிக்கொண்டார். ஆயிலின் அளவை அவரே கம்பியை உருவிப் பார்த்தார், நிறத்தை விரலில் தேய்த்துப் பார்த்தார், அப்படியே ஏலக்காயைத் தரம் பார்க்கிற மாதிரி. மாடியும் ஏறினார். திரவியம் வேறு வண்டி வாங்கவில்லை, ஒச்சம்மாவோடும் மற்றவர்களோடும் பழைய ஜீப்பில் இடித்துக்கொண்டு போய்வந்தார். துரைக்காகப் போட்ட சாலையில் பிறகு மினிபஸ் வந்தது. வலி இருந்தவர்கள் பஸ் ஏறித் தேனிக்குப் போனார்கள். சிலருக்குச் சரியாயிற்று, சிலருக்கு ஆகவில்லை. யாரும் ஷெட்டைப் பார்த்துப் பெருமூச்சு விட்டதில்லை.

மாசாணத்தின் முதுகைத் தேனியில் பார்த்துவிட்டு, பெல்ட் ஒன்று கொடுத்து அனுப்பினார்கள். அவர் அதைக் கட்டிக்கொண்டு தினமும் ஷெட்டைக் கூட்ட வந்தார்.

"மாசாணம், ராத்திரி தூங்குனியா?" என்று அமராவதி கேட்பார்.

"தூங்குனேம்மா."

அது பொய் என்று பவுன்தாய் சொல்லி அமராவதிக்குத் தெரியும். ஒருநாள் ஆயில் மாற்றி முடித்து, பழைய ஆயிலை டின்னில் ஊற்றிக்கொண்டிருந்தபோது அமராவதி கையை நிறுத்தினார்.

"மைதீன் பாய், வண்டிக்கு முதுகுங்கிறது எது?"

"சேசிஸும்மா. அடியில நீளமா போகுதே, ரெண்டு இரும்பு. அதுமேலதான் மத்ததெல்லாம்."

"நிக்கிற வண்டிக்கு அது எதுக்கு?"

மைதீன் யோசித்தார். "நிக்கிற வண்டிக்கு... வேண்டியதில்லதான். கீழ கல்லு வச்சு முட்டுக்குடுத்துட்டா அதுபாட்டுக்கு உக்காந்திருக்கும்."

"முட்டுக்கல்லு நகராமப் பாத்துக்கிட்டா அதுவும் பண்டுவந்தானே?"

மாசாணம் விளக்குமாற்றைக் கீழே போட்டார். "வேண்டாம்மா. என் பாரம் ஏறி என்ஜின் நின்னுபோச்சுன்னா? நான் எந்த மூஞ்சியை வச்சிக்கிட்டு இந்த ஊர்ல இருப்பேன்?"

"நின்னா என்னோடது நிக்கும். அதை நான்தானே சொல்லணும்" என்றார் அமராவதி. குரல் உயரவில்லை. "அன்னைக்கு உன் நாளை எனக்குக் குடுத்த. நான் கேக்கவே இல்ல. இன்னைக்கு நான் குடுக்குறேன், நீயும் கேக்க வேண்டாம். உக்காரு."

திரவியம் அங்கேதான் நின்றிருந்தார். அவர் மனைவியின் முகத்தைப் பார்த்தார், பிறகு கல் தூக்கப் போனார். சாலை வளைவில் மிச்சமிருந்த கருங்கற்களை ஆளுக்கொன்றாகச் சுமந்துவந்தார்கள். ஜாக்கி வைத்து உயர்த்தி, துரையின் அடியில் இரு பக்கமும் கல்லை அடுக்கி, இடைவெளியில் பலாமரக் கட்டைகளை அடித்து இறக்கினார்கள். மைதீன் சாவியைத் திருப்பினார். என்ஜின் அதன் தாளத்தில் ஓடிற்று. மாசாணம் வேட்டியைத் தட்டிவிட்டுப் பின்சீட்டில் ஏறி, கைகளை மடியில் வைத்துக்கொண்டு, கல்யாண வீட்டுக்கு வந்தவர்போல உட்கார்ந்தார்.

அமராவதி பானட்டின்மேல் உள்ளங்கையை வைத்திருந்தார். என்ஜின் ஓடிக்கொண்டிருந்தது, தப்பிற்று, திரவியத்தின் கை மனைவியின் தோளுக்குப் போயிற்று, என்ஜின் மறுபடி பிடித்துக்கொண்டது, அதே தாளம். பிறகு துரையின் அடியிலிருந்து, பாரம் சுமக்கிற மனிதன் மூட்டையை இறக்கும்போது விடுகிற சத்தம் ஒன்று வந்தது. இரும்பு நடுவில் மெதுவாக வளைந்து கல்லின்மேல் உட்கார்ந்தது. கல் அசையவில்லை.

"நல்லா இருக்கேன்" என்றார் அமராவதி. "எறங்கு மாசாணம்."

மாசாணம் இறங்கினார். முதலில் பழக்கதோஷத்தில் தரையைப் பார்த்துக்கொண்டுதான் நின்றார். பிறகு கழுத்து எழுந்தது, தோள் எழுந்தது, நெஞ்சு எழுந்தது, எழுந்துகொண்டே இருந்தது. பவுன்தாய் வாசலுக்கு வெளியே நிற்பதைப் பார்த்து அவளிடம் போகப் புறப்பட்டவரின் நெற்றியில் ஷெட்டின் நிலைக்கட்டை இடித்தது. தினமும் அந்த வாசலில் நுழைந்து வெளியேறியவர்தான், தலையைக் குனிய வேண்டும் என்பது அவருக்குத் தெரிந்திருக்கவில்லை.

பவுன்தாய் வாக்கப்பட்டு வந்த நாளிலேயே அவர் முதுகு வளைந்துதான் இருந்தது. புருஷன் முகத்தை அவள் குனிந்து பார்த்திருக்கிறாள், படுக்கையில் பக்கவாட்டில் பார்த்திருக்கிறாள். இப்போது அண்ணாந்து பார்க்க வேண்டியிருந்தது. முந்தானையைப் பந்தாகச் சுருட்டி, வாயால் ஊதிச் சூடாக்கி, இடிபட்ட நெற்றிக்குக் கையை உயர்த்திப் பார்த்தாள். எட்டவில்லை.

"கொஞ்சம் குனிங்க" என்றாள்.